தப்பாப் பண்ணிக் காட்டுங்க

முதல் நாள் அவர் என் பஸ்ஸில் ஏறியபோது, முதலாளி அனுப்பிய ஒற்றன் என்றுதான் நினைத்தேன். மாம்பலத்தில் ஏறினார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். வெளியே ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் கிழித்தால் கை, சில்லறை கொடுத்தால் கை, மணிக்கயிற்றை இழுத்தால் கை. மடியில் கனம் இல்லாதவன்தான் நான். இருந்தாலும் ஒரு ஆள் அரை மணி நேரம் நம் கையையே முறைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் வேர்க்கும்.

லஸ் முனையில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "இன்னா சார், என் கையில ஏதாவது ஒட்டிக்கினு கீதா?"

அவர் கோபப்படவில்லை. மணிக்கயிற்றை இழுக்கும்போது ஏன் குதிகாலைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டார். தூக்குகிறேனா? எட்டு வருஷமாக அந்தக் கயிற்றை இழுக்கிற எனக்கே அது தெரியாது. மூன்றாம் நாள் வேலைக்குப் போனால் கயிறு ஒரு சாண் கீழே இறங்கியிருக்கிறது, நுனியில் பிடிக்க வாகாக ஒரு மரக்குண்டு. அதோடு என் தோள்பட்டை வலி போயிற்று. நன்றி சொல்லப் போனேன். வலி என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்டார். கண்டக்டர் வேலை என்றால் தோள் வலிக்கத்தான் செய்யும், அதைப் போய் யாரிடம் சொல்வது என்றேன். உடனே நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். நன்றியை மட்டும் வாங்கிக்கொள்ளவே இல்லை.

சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவர். ஏதோ பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்துவிட்டு வந்தவர் என்று சொன்னார்கள். வெள்ளைக் கால்சட்டை, முழங்கையில் தேய்ந்துபோன கோட்டு, சைக்கிள். எங்கள் பஸ் கம்பெனி ரொம்பச் சின்னது, ஆறே வண்டி. பழசை ஒட்டுப்போட்டு ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி அவரைக் கொண்டுவந்தார். ஷெட்டில் எல்லோருக்கும் அவர் டிராயிங் சார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. அவரும் எங்களைக் கண்டக்டர், டிரைவர் என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போதும் முகத்தைப் பார்க்க மாட்டார்.

மாம்பலத்து ஷெட்டில் ஒரு மூலை அவருக்கு. அங்கே பழைய அட்டை, சோப்புப் பெட்டி, கோந்து, தகரத் துண்டு. எதையும் இரும்பில் செய்வதற்கு முன்னால் அட்டையில் செய்வார். செய்து முடித்ததும் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "தப்பாப் பண்ணிக் காட்டுங்க" என்பார். இப்படி ஒரு வேலை வாங்குகிறவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு தடவை வண்டிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அட்டையில் செய்திருந்தார். எங்கள் டிரைவர், இருபது வருஷம் ஓட்டியவர், நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் வந்து ஒரே இழுப்பில் சரியாகத் திறந்து சரியாகச் சாத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். சார் முகம் சுருங்கிவிட்டது. சரியாகச் செய்யத் தெரிந்தவருக்காக நான் ஏன் உட்கார்ந்து வரைய வேண்டும் என்று கேட்டுவிட்டு, வாசலில் போன தயிர்க்காரியைக் கூப்பிட்டார். நைனா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஊரூர் குப்பத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்காரி ஒருத்தியை அவர் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வண்டிப் படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பார்க்க, தலையில் கூடையோடு அவளை ஏறச் சொல்கிறார், இறங்கச் சொல்கிறார். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இன்னா வாத்தியாரே, மீனு நாறிக்கினு கீது, நீ என்னை வெச்சு வெளையாடிக்கினு கீறியா?" சார் கொஞ்சமும் அசரவில்லை. கூடையில் இருந்த மீன் முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டு பன்னிரண்டாவது தடவையும் ஏறச் சொன்னார். அன்றைக்கு ஷெட்டில் எல்லோருக்கும் மீன் குழம்பு. மறு வாரம் ஆறு வண்டிகளிலும் படி நாலு விரல்கடை இறங்கியது. அதற்குப் பிறகு படியில் வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிடுகிற வேலை எனக்கு இல்லாமல் போனது.

இப்படிச் சொன்னால் ஏதோ குழந்தை மனசுக்காரர் என்று தோன்றும். அப்படி இல்லை. அவர் பக்கத்தில் நிற்பது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம்தான். நாம் என்ன பேசுகிறோம் என்பதை அவர் காது வாங்காது. நம் கை என்ன செய்கிறது என்பதை அவர் கண் விடாது. எங்களை மனுஷர்களாகப் பார்க்கிறாரா, வெறும் கைகளாகப் பார்க்கிறாரா என்று நானும் காஜா பாயும் பலமுறை பேசிக்கொண்டதுண்டு.

காஜா பாய் எங்கள் வண்டியில் கரி போடுகிறவர். நாற்பது வயது, ராயப்பேட்டைக்காரர், ஐந்து பிள்ளைகள். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் ஊரில் பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்திருந்தன. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை. மேலே மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்ட வேண்டும். அடியில் நெருப்பு. உள்ளே உண்டாகிற வாயுவைக் குழாய் வழியாக எஞ்சின் இழுத்துக்கொண்டு ஓடும். ஓடுகிற வரைக்கும் பயம் இல்லை. வண்டி நின்றுவிட்டால்தான் வாயு போக வழி இல்லாமல் உள்ளே தேங்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து மூடியைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, குப்பென்று தீ மேலே பாயும். ஊரில் கரி போடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் புருவம் கிடையாது. பின் சீட்டில் உட்காரப் பெண்டுகள் பயந்தார்கள்.

முதலாளி மூடிக்கு ஏதாவது செய்யச் சொல்லி சாரிடம் சொன்னார். அவர் செய்தது என்ன தெரியுமா? பதினைந்து நாள் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கோடு வரையவில்லை. எங்கள் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு காஜா பாய் கையையே பார்த்தார். பாய் மூடியைத் திறப்பதற்கு முன்னால் மடியிலிருந்து பீடிக் கட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து மூடியின் ஓரத்தில் பிடிப்பார். தாள் படபடத்தால் வாயு இருக்கிறது, பொறுக்க வேண்டும். தாள் அசையாமல் நின்றால் திறக்கலாம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவராகக் கண்டுபிடித்துக்கொண்டது. அவருக்கு மட்டும் இரண்டு புருவமும் இருந்ததற்கு அதுதான் காரணம். பக்கத்திலேயே நின்ற நான் அதுவரை அதைக் கவனித்ததில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் அந்த மூடி. வட்டமான மூடியின் நடுவில் விரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டை. அதன்மேல் மெல்லிய தகரத்தில் ஓர் இலை, மேல் நுனியில் மட்டும் கோத்துத் தொங்கவிட்டது. உள்ளே வாயு தேங்கினால் ஓட்டை வழியாகக் கசியும், இலை படபடவென்று ஆடும். முழுக்கப் போய்விட்டால் இலை படுத்துவிடும். ஆடினால் தொடாதே, படுத்தால் திற. படிப்பு வேண்டாம், எச்சரிக்கைப் பலகை வேண்டாம். கீழே நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று மூடியையே வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தார். யார் வந்து பாராட்டினாலும் சார் காஜா பாயைக் காட்டி, யோசனை அவருடையது, கோடு மட்டும்தான் நான் போட்டது என்பார். பாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஐந்து மாதம் ஆறு வண்டியிலும் ஒருவருக்கும் ஒரு முடி கருகவில்லை. நூறு வண்டி ஓட்டுகிற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து மூடியை அளவெடுத்துக்கொண்டு போனார். அந்த நூறு வண்டிக்கும் இதே மூடி, சாரே போய் இருந்து செய்து கொடுக்க வேண்டும் என்று பேச்சு. தேய்ந்த கோட்டைக் கழற்றிவிட்டுப் புதுக் கோட்டு போடப் போகிறீர்கள் என்று நைனா கிண்டல் செய்தார். சார் முதல்முறையாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு வண்டிகள் ஓடாது. உலையெல்லாம் அணைத்து, ஆறு வண்டியையும் கழுவி, மாவிலை கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். எங்கள் வண்டிக்குப் பொட்டு வைக்கிற வேலை வழக்கம்போல எனக்கு. யுத்த காலத்துச் சந்தனம் எப்படி என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். கடைக்காரன் சந்தனம் என்று கொடுத்ததில் முக்கால்வாசி கிழங்கு மாவு, கொஞ்சம் மஞ்சள். ரேடியேட்டருக்கு வைத்தேன், ஸ்டீரிங்குக்கு வைத்தேன், நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். பின்னால் போனேன். சாய்ந்த வட்ட மூடி நெற்றி மாதிரி நின்றது. நமக்குச் சோறு போடுகிற உலையாயிற்றே என்று, மற்றதற்கெல்லாம் வைத்ததைவிடப் பெரிதாக, நட்டநடுவில் அப்பினேன். மேலே குங்குமம். காஜா பாய் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். டிராயிங் சாரும் வந்திருந்தார். பொரி கடலை வாங்கி வாசலில் நின்றபடியே தின்றுவிட்டு மூலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மயிலாப்பூர் குளத்தருகே வண்டி நின்றது. நைனா எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போடப் போனார். ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். காஜா பாய் கரிக்கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து மூடியைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். கையைத் தூக்கினார், இறக்கினார். மறுபடியும் பார்த்தார். இலை ஆடவில்லை. படியில் ஏறி மூடியைத் திறந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு மூச்சு விட்டது போலத்தான் இருந்தது. அவர் சட்டையில் தீ பிடித்தபடி சாலையில் விழுந்தார். ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர் மேல் போட்டு உருட்டினேன். இரண்டு கையும், முகத்தில் இடது பக்கமும் வெந்துவிட்டது. அவர் கத்தவில்லை. உருதுவில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஜட்கா பிடித்து நைனா அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வண்டியில் இருந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் பின்னால் போனேன். மூடி திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. இலையின் மேல் நான் வைத்த பொட்டு அடை மாதிரி வெந்து, இலையை மூடியோடு சேர்த்து ஒட்டிப் பிடித்திருந்தது. உலை சுட்ட மாவு கோந்தைவிட மோசம். அப்போது நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நகத்தால் சுரண்டினேன். சூடு பொறுக்காமல் கையை உதறி உதறிச் சுரண்டினேன். துளி இல்லாமல் எடுத்த பிறகு இலை லேசாக ஆடியது. வீட்டில் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். எனக்கு வேறு வேலை தெரியாது. இதையெல்லாம் இப்போது ஒரு காரணமாகச் சொல்கிறேன், அப்போது ஒன்றையும் யோசிக்கவில்லை.

மத்தியானம் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். முதலாளி கத்திக்கொண்டிருந்தார். சார் வந்தார். மூடியைப் பார்த்தார். கரி படிந்த மூடியில் நடுவில் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. கொண்டுபோனால் மாட்டிக்கொள்வேன் என்று விட்டுவிட்டேன்.

"நகத்துல என்ன?"

"மஞ்சள் சார். வூட்ல பூசை."

சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் முதலாளி ஒரு காகிதம் எழுதி வைத்துவிட்டார். மூடியில் குற்றமில்லை, கரி போடுகிறவர் கவனக்குறைவாகத் திறந்தார் என்று. மறுநாள் பத்து மணிக்கு சர்க்கார் வண்டி இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் முன்னால் சார் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூடிக்குப் பழி இல்லை, நூறு வண்டி வேலை சார் கைக்கு வரும், காஜா பாய்க்கு வேலை போகும். போடாவிட்டால் மூடியும் போச்சு, சாரும் போச்சு. முதலாளி இதை ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. எல்லோர் காதிலும் விழும்படியாகவே சொன்னார். பொட்டு என்ற பேச்சு அதில் எங்கேயும் இல்லை. அது வெளியே வந்தால் போவது என் தலை.

ஆஸ்பத்திரியில் பாய் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு கண் கட்டுக்குள் இருந்தது. சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா, எதுவும் கேட்கவில்லை. மூடியைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் கை எங்கே போனது என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. வெந்து கிடக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா? ஆனால் பாய்க்கு அது வித்தியாசமாகப் படவில்லை. காலையிலிருந்து வந்தவன் எல்லாம் ஏன் திறந்தாய், ஏன் திறந்தாய் என்றுதான் கேட்டிருக்கிறான். என்ன நடந்தது என்று கேட்ட முதல் ஆள் சார்தான்.

"பொட்டுகிட்ட போச்சு சார்," என்றார் பாய். "தொடச்சிட்டு பாக்கலாம்னு தூக்கினேன். அப்புறம் வோணாம்னு இறக்கிட்டேன்."

"ஏன் இறக்கினீங்க?"

"அவுங்க சாமிக்கு வெச்சது சார். நான் வழிச்சிப் போட்டேன்னு எவனாவது சொல்லிட்டா? நாளைக்கும் நாங்க எல்லாரும் ஒரே வண்டியில போவணுமே." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "எலை படுத்துக்கினு தான் இருந்துச்சு. சரி, கேஸ் போயிருச்சுன்னு நெனச்சேன்," என்றார்.

பொட்டு வைத்தது யார் என்று சார் கேட்கவில்லை. பாயும் சொல்லவில்லை. கட்டுக்கு வெளியே இருந்த ஒற்றைக் கண்ணால் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்றார். நான்தான் டம்ளரை வாயருகே பிடித்தேன். பாதித் தண்ணீர் அவர் கழுத்தில் வழிந்தது. பரவாயில்லை என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஷெட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் சார். போனால், மூலையில் அட்டையில் ஒரு மூடி. அதே சாய்வு, அதே வட்டம், நடுவில் தகர இலை. பக்கத்தில் கொட்டாங்குச்சியில் குழைத்த சந்தனம். அவர் வீட்டில் ஏது சந்தனம், எங்கே போய் வாங்கினாரோ தெரியவில்லை. என்னை மாட்டிவைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன்.

"இன்னிக்குப் பூசைன்னு நினைச்சுக்குங்க. பொட்டு வைங்க," என்றார்.

வேறு எங்காவது, ஓரத்தில், கீழே, எங்காவது வைத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. விரலில் தொட்டேன். தூக்கினேன். அது நேராக நடுவுக்குப் போய் இலையின் மேல் வைத்துவிட்டது. சார் ஈரத்துணியால் அதைத் துடைத்தார். என்னைப் போகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மெக்கானிக், வாட்ச்மேன், தகர வேலைக்காரர் என்று ஒவ்வொருவராகத் தனித்தனியே. நான் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் இலையின் மேல்தான் வைத்தார்கள். ஏழாவது நைனா. அவர் நடுவுக்குக் கொண்டுபோன விரலை நிறுத்தினார். "இது ஆடணுமே சார்," என்றார். ஆமாம் என்றார் சார். நைனா மூடியை இப்படியும் அப்படியும் பார்த்தார். "அதுக்காவ ஓரத்துலயா வெப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, அதே நடுவில் வைத்தார்.

சார் சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "முந்தாநாள் நீங்க குடுத்த பொரியை வாங்கித் தின்னேன். எங்க பொட்டு வைக்கிறீங்கன்னு நான் பாக்கலையே."

பத்து மணிக்கு முதலாளி அறையில் கூடினோம். காக்கி உடுப்பில் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தார். அந்த வண்டியின் ஆட்கள் என்று நானும் நைனாவும் சுவரோரம் நின்றோம். முதலாளி காகிதத்தையும் பேனாவையும் சார் பக்கம் தள்ளினார். சார் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார். இதில் கையெழுத்துப் போட முடியாது, தப்பு மூடியில்தான் இருக்கிறது என்றார். பொட்டு விஷயத்தைச் சொன்னார். பாய் கையைத் தூக்கியதையும் இறக்கியதையும் சொன்னார். நம் ஊரில் நடுவில் ஓர் இலையை வைத்தால் அதன்மேல் பொட்டு விழும், அதை இன்னொருவன் துடைக்க மாட்டான், இரண்டும் தெரியாமல் வரைந்தவன் நான் என்றார்.

முதலாளி மேசையைத் தட்டினார். "எவன் வெச்சான் பொட்டு? அதைச் சொல்லுங்க முதல்ல."

"யார் வெச்சாலும் அங்கதான் வெப்பாங்க. காலையில ஏழு பேரை வெக்கச் சொன்னேன். ஏழு பேரும் அங்கதான் வெச்சாங்க."

"அந்த ஏழு பேர்ல எவன்?"

"மூடிக்கு அது வேண்டாத கேள்வி," என்றார் சார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீதானே அந்த வண்டிக் கண்டக்டர்? யார் வெச்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

பக்கத்தில் நின்ற நைனாவுக்குத் தெரியும். ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். சார் மட்டும் என்னைப் பார்க்காமல் மேசை மேல் இருந்த தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார்," என்றேன்.

மூடியில் குறை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ஆறு வண்டியிலும் அதைக் கழற்றச் சொன்னார். காஜா பாய் மேல் குற்றமில்லை, வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்றும் எழுதினார். சார் கோட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். ராத்திரியே வரைந்திருக்கிறார். இலையை மூடியின் பக்கவாட்டில் கம்பிக் கூண்டுக்குள் கொண்டுபோய்விட்டு, நடுவில் வெறும் பித்தளை வட்டம் ஒன்று. இது எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பொட்டுக்கு என்றார் சார். முதலாளி அந்தப் படத்தைச் சுருட்டி அவர் கையிலேயே திணித்து, மத்தியானத்துக்குள் மூலையைக் காலி பண்ணச் சொன்னார். பெரிய கம்பெனி ஆள் அதற்கப்புறம் எங்கள் ஷெட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

படங்களைச் சுருட்டி சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வெளிவாசல் வரைக்கும் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் சார் வெச்சேன். சொரண்டினதும் நான்தான்."

"தெரியும்," என்றார்.

"உள்ளாற கேட்டப்பவே சொல்லியிருக்கணும் சார். வாய் வரல."

அவர் நின்று யோசித்தார். ஒரு தாழ்ப்பாள் ஏன் சிக்குகிறது என்று யோசிப்பாரே, அதே முகம்.

"சொல்லியிருந்தா உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, அதே மூடியை நூறு வண்டிக்குப் போட்டிருப்பாங்க," என்றார். "நல்லவேளை, சொல்லல."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

காஜா பாய் நாலு மாதம் கழித்து வந்தார். விரல்கள் மடங்கிவிட்டன, கரி போட முடியாது. ஷெட் வாசலில் வேலைக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை கொடுத்தார்கள். பழைய மூடிகள் திரும்பி வந்தன. யுத்தம் முடிந்து பெட்ரோல் வருகிற வரைக்கும் எத்தனையோ புருவம் அதில் கருகியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பித்தளை வட்டம் கண்ணில் வந்து நின்றது.

சாருக்குப் பெரிய மனசு, காட்டிக் கொடுக்காமல் போய்விட்டார் என்று என் பெண்டாட்டி சொன்னாள். நைனாவும் அதைத்தான் சொன்னார். இத்தனை வருஷமாக நானும் அப்படி நம்பிப் பார்க்கிறேன், முடியவில்லை. சார் வாசலில் சொன்னது என்னைத் தேற்றுவதற்காக இல்லை. அவருக்கு நிஜமாகவே நூறு வண்டிக் கவலைதான். என்னை அவர் மன்னிக்கவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. நல்லவேளை என்றார். வாசலில் வைத்து நாலு பேர் பார்க்க ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.